ஓரிரவுக் குடிக்கூலியும் ஊரின் உரிமையும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து செல்லும் சாலை காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து இறங்கி அஞ்செட்டியை அடைகிறது. அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் அருவிக்குப் போகலாம். மேற்கே கர்நாடக எல்லை. சுற்றிலும் யானைகள் உலவும் வனம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தையில் கலந்தொலிக்கும் எல்லைப்புறச் சீமை இது.

இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று இரண்டு பயணங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருக்கின்றன. இப்பகுதி இளம்பெண்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்கின்றனர். தொலைவு காரணமாக அவர்களுட் பலர், விடுதியாக மாற்றப்பட்ட வீடுகளில் அறைக்குப் பலராகத் தங்குகின்றனர். வாரக் கடைசியில் பெங்களூரு நகரத்தார் மலைக்காற்றையும் அமைதியையும் நாடி இந்தக் காட்டோரங்களுக்கு வருகின்றனர். பண்ணை வீடுகள் அவர்களுக்கு ஓரிரவு, ஈரிரவுக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. காட்டிலிருந்து நகருக்குச் சென்ற மகளும், நகரிலிருந்து காட்டுக்கு வந்த குடும்பமும் பிறர் வீட்டிலே காசு கொடுத்து உறங்குகின்றனர்.

அந்தக் கூரைகளின் கீழ் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? வீட்டுக்காரர், ‘என் வீடு, என் விருந்தினர்’ என்கிறார். காவல் துறை, ‘வந்தவர் யார்?’ என்று கேட்கிறது. சுற்றுலாத் துறையும் வனத் துறையும் வரித் துறையும் ஆளுக்கொரு கேள்வியுடன் வருகின்றன. ஊராட்சி மன்றமோ வீட்டு வரிச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்கள் உலகெங்குமுள்ள வீடுகளைக் கைபேசி வழியே இரவுக் கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னரே இச்சிக்கல் பெரிதாகப் பேசப்படுகிறது. ‘ஹோம் ஸ்டே’ என்ற பெயர் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். சிக்கல் மிகப் பழையது.

அர்த்தசாத்திரத்தில் நகர அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதி ஒன்றுண்டு. பத்து, இருபது அல்லது நாற்பது குடும்பங்களுக்குக் ‘கோபன்’ என்ற ஓர் அலுவலன் இருப்பான். அறச்சாலைகளை நடத்துவோர் வழிப்போக்கரைத் தங்கவிடுமுன் அவனுக்குத் தெரிவித்தாக வேண்டும். சாதாரண வீட்டுக்காரரும் தம் இல்லத்துக்கு வந்தவரையும் சென்றவரையும் பற்றி அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அன்றிரவு நிகழும் குற்றத்துக்கு அவரே பொறுப்பாவார். ஒன்றும் நிகழாமல் இரவு அமைதியாகக் கழிந்தாலும் மூன்று பணம் தண்டம் கட்ட வேண்டும். இவ்விதியின் கண் முழுவதும் வந்தவர்மீதே பதிந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். தங்கவைத்தவர் அவரை எப்படி நடத்தினார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. அக்கேள்வி எழுவதற்கு வேறோர் ஊரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

அவ்வூர் மக்கா. ஆண்டுதோறும் சில வாரங்களுக்கு மட்டும் ஊரின் மக்கள் தொகையைப் பன்மடங்கு விஞ்சிய யாத்திரிகர் கூட்டம் வந்து தங்கும் நகர் அது. குறுகிய கால வாடகை என்பதன் முழுச் சிக்கலையும் உலகில் முதலில் எதிர்கொண்ட நகரங்களுள் அதையும் ஒன்றாகக் கூறலாம். திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம், அப்புனிதப் பள்ளியைப் பொறுத்தவரை அங்கேயே வசிப்பவரும் வெளியிலிருந்து வருபவரும் சமம் என்று அறிவிக்கிறது. இச்சமத்துவம் பள்ளிவாசலுக்கு மட்டுமா, ஊரின் வீடுகளுக்குமா என்பதில்தான் அறிஞர் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

ஹஜ்ஜுக்கு வருவோர் முற்றங்களில் இறங்கித் தங்கவேண்டும் என்பதற்காக, மக்காவாசிகள் தம் வீட்டு முற்றங்களுக்குக் கதவு வைக்கலாகாது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தடுத்திருந்தார்கள் என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. முதலில் கதவு வைத்தவர் சுஹைல் பின் அம்ர் (ரலி). கலீஃபா ஆளனுப்பிக் கேட்டபோது, தாம் வணிகர் என்றும், தம் வாகன மிருகங்களைக் காப்பதற்காகவே கதவு வைத்ததாகவும் அவர் விளக்கம் கூறினார். அவ்வாறாயின் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் ஓர் ஆட்சி வீட்டு வாசலில் வந்து நின்று காரணம் கேட்பதும், குடிமகன் காரணம் சொல்வதும், தக்க காரணமாயின் விதிக்கு விலக்குத் தருவதுமாகிய முழு நடைமுறையும் இதில் அடங்கியிருக்கிறது. இன்றைய அலுவலகங்களில் இவ்வளவு விரைவாக ஒரு மனுவுக்கு விடை கிடைக்குமா என்பது வேறு விஷயம்!

பின்னர் உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்கள் மக்கா வீடுகளை வாடகைக்கு விடலாகாது என்று தம் ஆட்சிக் காலத்தில் எழுத்து மூலம் ஆணையிட்டதாக அறிகிறோம். இமாம் அபூஹனீஃபா அவர்கள் ஹஜ்ஜுக் காலத்தில் யாத்திரிகர்களிடம் வாடகை வாங்குவதை வெறுக்கத்தக்கதென்றார்கள். இமாம் ஷாஃபிஈ அவர்களோ வீடு உடையவரின் உடைமையே என்றும், அதை விற்கவும் வாடகைக்கு விடவும் அவருக்கு உரிமையுண்டு என்றும் வாதிட்டார்கள். உமர் (ரலி) அவர்களே சிறைச்சாலை அமைக்க ஸஃப்வான் பின் உமையாவின் வீட்டை நாலாயிரம் திர்ஹத்துக்கு வாங்கியது அவர்களுக்குச் சான்றாயிற்று. தன் வீடல்லாததை ஒருவர் எப்படி விற்க முடியும்? இமாம் அஹ்மத் அவர்கள் இடைவழி ஒன்றைக் காட்டினார்கள்: வீடு உடைமைதான், வாரிசுக்குச் செல்லும், ஆனால் வாடகைக்கு விடலாகாது. நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபையும், கிருஷ்ணகிரி, ஓசூர் போன்ற உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் சார்ந்தவை. ஆதலால் இந்த வாதத்தின் இரு பக்கங்களும் நம் குடும்பங்களுக்கு அந்நியமானவை அல்ல.

நடைமுறையில் ஷாஃபிஈ இமாமின் கருத்தே வென்றது எனலாம். மக்காவில் வாடகை உண்டு. யாத்திரை சென்றுவந்த ஒவ்வொருவரும் அதைக் கொடுத்தே வந்திருக்கின்றனர். ஆனால் மறுபக்கத்தின் கவலையும் வேறு வடிவில் நிலைத்துவிட்டது. யாத்திரிகருக்கு விடப்படும் கட்டடங்களை அதிகாரிகள் பார்வையிட்டு, இத்தனை பேர் தங்கலாம் என்று எண்ணிக்கையைக் குறித்து, அனுமதிச் சீட்டு வழங்குகின்றனர். உடைமை வீட்டுக்காரருடையது, எத்தனை பாய் விரிக்கலாம் என்பதோ ஊரின் தீர்ப்பு.

நம் தென்னகத்துக்கு வந்த இப்னு பதூதா இருவேறு ஏற்பாடுகளை எழுதிவைத்திருக்கிறார். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபார்க் கரையில் அவர் சென்ற வழியெங்கும் அரை மைலுக்கு ஒரு மரக் கொட்டகை இருந்தது. அதிலே திண்ணைகள், அருகே ஒரு கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள். முஸ்லிம் பயணிகளோ வழியிலுள்ள முஸ்லிம் வீடுகளில் இறங்குவர்; வேண்டிய பொருளை அவர்களிடமே வாங்குவர்; அவர்களே சமைத்துத் தருவர். இதில் அரசின் பதிவேடு எதுவுமில்லை. அதே பயணி சீன நாட்டின் விடுதிகளைப் பற்றி எழுதும்போது காட்சி முற்றிலும் மாறுகிறது. மாலை மயங்கியதும் அதிகாரி எழுத்தருடன் வருகிறார். தங்கியிருக்கும் அனைவரின் பெயர்களையும் எழுதி முத்திரையிட்டு, விடுதிக் கதவைப் பூட்டிச் செல்கிறார். காலையில் வந்து பெயர் பெயராக அழைத்துச் சரிபார்க்கிறார். அடுத்த விடுதி வரை ஆளைத் துணைக்கு அனுப்பி, அனைவரும் வந்து சேர்ந்தனர் என்று அங்குள்ள அதிகாரியிடம் எழுதி வாங்கி வரச் செய்கிறார். தனிப் பயணிக்கு இதைவிடப் பாதுகாப்பான நாடு வேறில்லை என்று இப்னு பதூதா வியக்கிறார். பூட்டிய கதவுக்குள் அவர் நிம்மதியாக உறங்கியிருக்கிறார் போலும். பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே பூட்டின் இரு சாவிகள் என்பதை அவர் குறிப்பிடவில்லை.

வட இந்தியாவில் ஷேர்ஷா (1540–1545) சாலைகள் நெடுகச் சராய்களைக் கட்டியது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயிரத்து எழுநூறு சராய்கள் என்று வரலாற்றாசிரியர் அப்பாஸ் சர்வானி கணக்குத் தருகிறார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம் அவற்றில் இருந்தது. முகலாயர் காலச் சராய்களின் விடியற்காலையைப் பின்னாளில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்த வெனிஸ் நாட்டவரான மனூச்சி அழகாக வருணித்திருக்கிறார். கதவைத் திறக்குமுன் காவலர், அவரவர் பொருளைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு மும்முறை கூவுவார்களாம். ஏதேனும் காணாமற்போயிருந்தால் அது கிடைக்கும்வரை கதவு திறக்காது. விடுதிக்காரரின் பொறுப்பு என்பது இங்கேதான் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

தமிழ்நாட்டில் சத்திரம், சாவடி, மடம் என மூன்று சொற்கள் வழங்கின. ‘சாவடி’ என்பதைத்தான் ஆங்கிலேயர் ‘சௌல்ட்ரி’ ஆக்கிக்கொண்டனர். இவையெல்லாம் அறத்தின் பாற்பட்டவை. மன்னரும் செல்வரும் நிலம் எழுதிவைத்து நடத்தியவை. 1792இல் பாராமகாலும், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளும் கும்பினியார் கைக்கு வந்தன. இவ்வாறு சென்னை மாகாணத்தின் ஓரத்தில், மைசூர்ச் சீமையை ஒட்டிய எல்லைப் பகுதியாக இவ்வட்டாரம் அமைந்தது. அறநிலையங்களின் வருமானத்தைத் தனியார் விழுங்குகின்றனர் என்று கண்ட கும்பினி அரசு, 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதியின் மூலம் பள்ளிவாசல், கோவில் முதலியவற்றின் மானியங்களோடு சத்திரங்களையும் பாலங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1871இன் உள்ளூர் நிதிச் சட்டமும், 1884இன் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் வந்தபின் சாலைகளும் சத்திரங்களும் பயணியர் மாளிகைகளும் படிப்படியாக உள்ளூர்க் கழகங்களின் பொறுப்பாயின. ‘முசாபர் பங்களா’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அது அந்த மரபின் பிள்ளை. உள்ளாட்சி மன்றமே விடுதிக்காரராக இருந்த காலம் அது. பிறர் நடத்தும் விடுதியைக் கண்காணிக்கும் வேலை அதற்குப் பின்னர்தான் வந்தது.

அந்த வேலையின் மூல ஆவணம் 1867இன் 22ஆம் சட்டம், அதாவது சராய்ச் சட்டம். இது முதலில் வட இந்திய மாகாணங்களுக்காக இயற்றப்பட்டது. ஆயினும் இதன் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்குப் பயன்தரும். பயணிகள் தங்கப் பயன்படும் கட்டடம் எதுவும் சராய். ஒரு கட்டடத்தின் ஒரு பகுதி மட்டும் அப்படிப் பயன்பட்டால் அப்பகுதி சராய். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ‘வீட்டின் ஓர் அறை’ சட்டத்தின் பிடிக்குள் வந்துவிட்டது! சராயை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்ய வேண்டும், பதிவுக்குக் கட்டணமில்லை. நடத்துபவர் நன்னடத்தைச் சான்று தராவிடில் பதிவை மறுக்கலாம். அறைகளையும் தாழ்வாரங்களையும் சாக்கடைகளையும் கிணறுகளையும் தூய்மையாக வைக்க வேண்டும். திருடர் ஏறி இறங்க உதவும் மரக்கிளைகளை வெட்ட வேண்டும். போதிய காவலரை அமர்த்த வேண்டும். தொற்றுநோய் கண்டாலோ அதனால் எவரேனும் இறந்தாலோ உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். கட்டண விவரத்தை, மாஜிஸ்திரேட் குறிப்பிடும் மொழிகளில், அனைவரும் காணத் தொங்கவிட வேண்டும். மீறினால் இருபது ரூபாய் வரை அபராதம்; தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்; மூன்றுமுறை தண்டிக்கப்பட்டவர் பின்னர் சராய் நடத்தவே இயலாது.

அந்நிய ஆட்சியின் சட்டம்தான். தங்கியவர்களைப் பற்றிச் செய்தி தருமாறு விடுதிக்காரரைக் கட்டாயப்படுத்தும் ஒற்றுவேலைப் பிரிவும் அதில் உண்டு. 1857இன் அச்சம் நீங்காத பத்தாண்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் அதன் மற்றப் பிரிவுகள் தங்கவைப்பவரை நோக்கிக் கேட்கும் கேள்விகள் அனைத்தும் நியாயமானவை. கிணறு, விளிம்புச் சுவர், மரக்கிளை, கட்டணப் பலகை என்று கண்ணால் கண்டு சரிபார்க்கக் கூடியவற்றையே அது பேசுகிறது. இந்த நூற்றாண்டிலும் டில்லி நகரத்து விடுதிகளுக்குக் காவல் துறை இச்சட்டத்தைக் காட்டி உரிமம் கேட்டதென்றால் அதன் ஆயுளை எண்ணிப் பாருங்கள்.

அதே காலத்தில் கிழக்கே பூரியில் இதைவிடக் கடுமையான சோதனை நடந்தது. ஜகந்நாதர் கோவிலுக்கு வரும் யாத்திரிகர்களைப் பண்டாக்கள் காற்றோட்டமில்லாத அறைகளில் நெருக்கித் தங்கவைத்தனர்; காலரா அவர்களோடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. 1865இல் ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் பரவிய காலரா ஐரோப்பா வரை சென்றதால், 1866இல் கான்ஸ்டாண்டினோபிளில் உலக நாடுகள் கூடி யாத்திரையையும் நோயையும் பற்றி விவாதித்தன. இச்சூழலில்தான் பூரி விடுதி வீட்டுச் சட்டம் 1871இல் உருப்பெற்றது. யாத்திரிகருக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு உரிமம் வேண்டும். சுகாதார அதிகாரி பார்த்துச் சான்றளிக்க வேண்டும். எத்தனை பேர் என்று வரம்பு கட்ட வேண்டும். அந்த எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும். அக்கட்டணம் யாத்திரிகரின் சுகாதாரத்துக்கே செலவாக வேண்டும். இந்தியாவில் வீட்டு வாடகையை இரவுக் கணக்கில் விட்டவர்மீது விதிக்கப்பட்ட முழுமையான ஒழுங்குமுறை இதுவே எனத் துணிந்து கூறலாம். வசூலித்த பணத்தை அதே காரணத்துக்குச் செலவிடும் அறிவு இதன் தனிச் சிறப்பு.

சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் விடுதி வீடுகளுக்கெனத் தனி அதிகாரமும், சந்தை திருவிழாக்களுக்கெனத் தனி அதிகாரமும் கொண்டு வந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் தரப்பட்டது. நாகூர்க் கந்தூரிக்கும் தேன்கனிக்கோட்டை யாரப் தர்காவுக்கும் குடும்பத்துடன் சென்று, தர்காவைச் சுற்றிய தெருவில் ஓர் அறையையோ தாழ்வாரத்தையோ வாடகைக்கு எடுத்துத் தங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த வாசலுக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்ததை எத்தனை பேர் கண்டிருப்போம்?

காணாததன் விலை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தெரிந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. கூரை ஓலையால் வேய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் மாதக் கட்டணம் கொடுத்துத் தம் உறவினரை அத்தகைய இல்லங்களில் விட்டுச் சென்றன. அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உரிமம் வேண்டுமென்று தெளிவாகக் கூறியிருந்தது. ஆனால் அங்கு வரிசை வரிசையாக அமைந்த கொட்டகைகளில் உரிமத்தைக் கேட்க யாருமில்லை. நம் தமிழ் முஸ்லிம் ஊர் ஒன்றில் நிகழ்ந்தது இது. அவ்வில்லங்கள் இரகசியமாக நடந்தவையல்ல. ஊரார் கண்டனர், அலுவலர் கண்டனர், யாத்திரிகர் கண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து நாடு முழுவதும் இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்கச் செய்தது. ஏர்வாடி இல்லங்கள் மூடப்பட்டன. கணக்கெடுப்பு முதலில் நடந்திருக்குமானால் என்று எண்ணாமல் இந்நிகழ்ச்சியை எழுத முடியவில்லை.

2014இல் பொள்ளாச்சியில் ஒரு விடுதியிலிருந்து சிறுமியர் இருவர் கடத்திச் செல்லப்பட்டுப் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். அதன் விளைவாகத் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் அவ்வாண்டே வந்தது. பணிபுரியும் பெண்களுக்கு நடத்தப்படும் விடுதிகளும் அதில் அடங்கும். பதிவும் உரிமமும் கட்டாயம். அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். இச்சட்டம் அஞ்செட்டியின் மகளுக்கு நேரடியாகச் சேர வேண்டியது. அவள் தங்கும் ஓசூர் வீட்டின் வாசலில் உரிமத்தின் நகல் இருக்கிறதா, இரவில் பொறுப்பாளர் இருக்கிறாரா, வெளியேறுவதற்கு இரண்டாம் வழி உண்டா என்று பெற்றோர் கேட்கலாம், கேட்க வேண்டும். மாதக் கட்டணத்தைப் பேரம் பேசும் நேரத்தில் பாதி போதும்.

அத்தகைய விடுதி வீடா, கடையா என்பது வேறொரு வழக்கு. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவரும் பணிபுரியும் பெண்களும் தங்கும் விடுதி அறைகள் குடியிருப்பே என்றும், ஜி.எஸ்.டி. வரி அவற்றுக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. ஏழைத் தொழிலாளர்களின் பணப்பைக்கு நியாயமான தீர்ப்பு. வரிக்கு வீடாக இருப்பது கண்காணிப்புக்கும் வீடாகிவிடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் விடுதிக்காரர்கள் இருப்பார்கள்.

இனி நகரத்திலிருந்து காட்டுக்கு வருபவரின் பக்கத்தைப் பார்ப்போம். நீலகிரி மசினகுடியில், யானை வழித்தடத்தில் எழும்பிய தங்கும் விடுதிகள் பற்றிய வழக்கு பல்லாண்டுகள் நடந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று மாதம் கழித்து, 2021 சனவரியில், அதே மசினகுடியில் அனுமதியின்றி நடந்த ஒரு தங்கும் வீட்டருகே வந்த யானைமீது எரியும் டயர் வீசப்பட்டது. தீக்காயத்துடன் அந்த யானை சனவரி 19இல் இறந்தது. நான்கே நாள்களில், மலைக்கு மறுபுறம், கேரளத்தின் வயநாடு மேப்பாடியில் கூடாரம் ஒன்றில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. அங்கும் உரிமம் இல்லை. இரு மாநிலங்களிலும் அதன் பின்னரே அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்து மூடினர். ஒரு வாரத்துக்குள் காட்டின் ஒரு பக்கத்தில் விலங்கும், மறுபக்கத்தில் விருந்தாளியும் உயிரிழந்தபின் பதிவேடு திறக்கப்பட்டது.

உலகின் மற்ற நகரங்கள் இதை வேறு கோணத்தில் காண்கின்றன. அங்கே சிக்கல் வீட்டுப் பஞ்சம். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், வீடமைப்புக் கழக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடவே முடியாது. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்த வாடகையாயின் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினருடன் அவரும் அவ்வீட்டில் இருக்க வேண்டும், இருவருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. பார்சிலோனா நகராட்சி, சுமார் பத்தாயிரம் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028க்குள் புதுப்பிக்காமல் முடித்துவிடப்போவதாக 2024இல் அறிவித்தது. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம், உரிமையாளர் குடியிருக்கும் வீடாக, ஆறு அறைக்கு மிகாததாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. உரிமையாளர் பெங்களூரில் இருக்க, காவலாளி ஒருவர் மட்டும் சாவியுடன் காத்திருக்கும் பண்ணை வீடு இந்த இலக்கணப்படி இல்லத் தங்கல் ஆகாது. அது வெறும் விடுதி. ஆனால் இத்திட்டம், விரும்புவோர் சேர்ந்து தரச் சான்று பெறுவதற்கானது. சேராதவரை யார் கேட்பது?

‘வந்தவர் யார்?’ என்ற பழைய கேள்வி மட்டும் எங்கும் விடாமல் கேட்கப்படுகிறது. வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை பழைய சட்டங்களில் இருந்தது. 2025ஆம் ஆண்டின் குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. அதில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால் பெயரைக் கேட்பதில் இன்னொரு முள்ளும் உண்டு. மேல்நாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா அரசின் பணியில் சேர வந்த டாக்டர் அம்பேத்கர், தங்க இடமின்றி ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. 1917இல் நடந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, மதம், சாதி முதலிய காரணங்களால் எந்தக் குடிமகனுக்கும் விடுதிகளில் நுழைவு மறுக்கலாகாது என்கிறது. ‘இது விடுதியன்று, என் வீடு’ என்று சொல்பவரிடம் அப்பிரிவு எப்படிச் செல்லும்? அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு ஒரே மாதிரியான விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். கறுப்பினத்தவர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு இசைவு 16 விழுக்காடு குறைந்தது. முகம் காணுமுன் பெயரைக் காணும் ஏற்பாட்டில் இது நேர்வது வியப்பன்று. பெயரைக் கேட்டதும் ‘அறை இல்லை’ என்ற விடையைப் பெற்ற நம் இளைஞர்களுக்கு இது புள்ளிவிவரமாகத் தோன்றாது. ஊரின் உரிமத்தைப் பெற்று, இரவுக் கணக்கில் காசு வாங்கும் வீடு, உரிமத்தோடு இந்தக் கடமையையும் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த உரிமத்தை அஞ்செட்டி போன்ற ஊரில் யார் தருவது? காடு வனத் துறையுடையது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டபின் கிருஷ்ணகிரி, தருமபுரி வனங்களின் கணிசமான பகுதி காப்புக்குள் வந்துவிட்டது. பட்டா நிலத்தில் நிற்கும் பண்ணை வீடு அந்த எல்லைக் கல்லுக்கு இப்புறம் இருக்கிறது. அதன் கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது, இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் எந்த மணிவரை, யானை வரும் வழியில் வேலி போட்டிருக்கிறார்களா, ஆழ்துளைக் கிணறு பக்கத்து விவசாயியின் நீரை இழுக்கிறதா என்பனவற்றை அறிந்தவர் அவ்வூர் மக்களே. மாவட்டத் தலைநகரில் அமர்ந்தவர் அல்லர். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிப்பது ஊராட்சி; ஒவ்வொரு கட்டடத்தின் கதவெண்ணும் அதன் பதிவேட்டில் உண்டு. அந்தப் பதிவேட்டில் ‘இரவு வாடகை’ என்று ஒரு பத்தியைச் சேர்க்கவும், பூரியில் 1871இல் செய்ததுபோலத் தலைக்கணக்கை வரம்பிட்டுக் கட்டணம் வாங்கி அதைக் குப்பைக்கும் குடிநீருக்கும் செலவிடவும் அரசு ஒரு தெளிவான விதியால் அதிகாரம் தரலாம்.

2025 சனவரியில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. ஆயினும் கிராம சபைக்குப் பதவிக்காலம் என்று ஒன்றில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தண்ணீர் நாள், குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய அச்சபையில், ஊரெல்லையில் எத்தனை வீடுகள் இரவு வாடகைக்கு விடப்படுகின்றன என்ற கணக்கை வைக்குமாறு ஒரு தீர்மானம் கொண்டுவரப் பெரிய படிப்பு தேவையில்லை. ஓசூர் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் ஒருத்தியே எழுந்து கேட்டால், இரு கூரைகளையும் பற்றிக் கேட்கும் தகுதி அவளுக்கு உண்டு.